63 கிலோ தான் இருக்கேன், எனக்கு எப்படி சுகர் பார்டர்ல வந்துச்சு? 94 கிலோ நண்பனுக்கு நார்மல்!

நொய்யல்கரை:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஒரு வாரமா சரியா தூக்கமே இல்ல, வீட்லயும் சொல்ல முடியல, அதான் இங்க கேக்கறேன். வயசு 24, ஊர் கரூர் பக்கம், இப்ப சோழிங்கநல்லூர்ல பிஜில தங்கி ரெண்டு வருசமா நைட் ஷிப்ட் பாக்கறேன். உயரம் 170 செமீ, எடை 63 கிலோ. பள்ளிக்கூடத்துல இருந்தே ஒல்லிக்குச்சின்னு தான் பேரு, சட்டை எடுக்கப் போனா இன்னும் சின்ன சைஸ் இருக்கான்னு கேக்கற ஆளு நான்.

போன வாரம் ஆபீஸ்ல செக்கப் கேம்ப் போட்டாங்க. ஷிப்ட் முடிச்சுட்டு அப்படியே போய் காலைல 8 மணிக்கு ரத்தம் குடுத்தேன், நடுராத்திரி 4 மணிக்கு குடிச்ச டீயும் பன்னும் தான், அதுக்கப்புறம் பச்சத்தண்ணி மட்டும். ரிப்போர்ட்ல ஃபாஸ்டிங் 121, எச்பிஏ1சி 6.0, ப்ரீடயாபடிஸ்னு சிவப்புல அடிச்சு வந்துருக்கு. அங்க இருந்த டாக்டர் ரெண்டு நிமிசம் பாத்துட்டு வெயிட்டைக் குறைங்க, ஸ்வீட்டைக் குறைங்கன்னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்ட்டுட்டாரு. எந்த வெயிட்டைங்க நான் குறைக்கறது? உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்கற பிஎம்ஐ கணக்கு போட்டா 21.8 வருது.

ரூம்ல கூட இருக்கற நண்பன் 94 கிலோ, 172 செமீ. அதே கேம்ப்ல அவனுக்கு ஃபாஸ்டிங் 88, எச்பிஏ1சி 5.2. நாங்க ரெண்டு பேரும் ஒரே மெஸ்ல தான் சாப்பிடறோம், அவன் என்னை விட ரெண்டு பரோட்டா கூடத்தான் சாப்பிடுவான். அப்ப குண்டா இருந்தா தான் சுகர் வரும்னு காலம்காலமா சொல்றதெல்லாம் என்ன?

இன்னொண்ணும் சொல்லணும். அப்பாவுக்கு 41 வயசுல சுகர் வந்துச்சு, அம்மாவுக்கு 45ல. அப்பாவுக்கு கால்ல சின்ன புண்ணா ஆரம்பிச்சு ரெண்டு வருசம் முன்னாடி ஒரு விரல எடுத்துட்டாங்க. அந்த ஆஸ்பத்திரில நான் தான் பத்து நாள் கூட இருந்தேன். அதனால ரிப்போர்ட்டப் பாத்ததும் எனக்கு அந்தக் கட்டு போட்ட காலு தான் கண்ணுக்கு முன்னாடி வந்து நின்னுச்சு. இப்ப எடைக்கும் சுகருக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையா, நான் எடை குறைக்கணுமா ஏத்தணுமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

மதுர_மச்சான்:

தம்பி மொதல்ல பயப்படாத. எனக்கு 27 வயசுல வந்துச்சு, அப்ப நான் 101 கிலோ, எச்பிஏ1சி 7.4. நான் பண்ணது ஒண்ணே ஒண்ணு தான், சோத்த மொத்தமா விட்டேன், இட்லி தோச இல்ல பரோட்டா இல்ல, முட்டை கறி மீன் காய் மட்டும், ஒம்பது மாசத்துல 84 கிலோவுக்கு வந்துட்டேன், இப்ப மாத்திர இல்லாம 5.7ல நிக்கிது. சம்பந்தம் இருக்கான்னு கேட்டா கண்டிப்பா இருக்கு, என் உடம்பு தான் அதுக்கு சாட்சி. நீயும் ஒரு பத்து கிலோ கொறச்சுப் பாரு.

---

லேப்காரன்_திருச்சி:

தம்பி, நான் 11 வருசமா லேப்ல வேலை பாக்கறேன், டாக்டர் இல்ல, அதனால வைத்தியம் சொல்ல மாட்டேன். ஆனா ரிப்போர்ட்டப் பத்தி சொல்லலாம்.

மொத விசயம், உன் 121 ஃபாஸ்டிங்கே இல்ல. 4 மணிக்கு டீயும் பன்னும் சாப்ட்டுட்டு 8 மணிக்கு ரத்தம் குடுத்தா அது நாலு மணி நேரம் தான். ஃபாஸ்டிங்னா கொறஞ்சது 8 மணி நேரம் தண்ணிய தவிர எதுவும் உள்ள போயிருக்கக் கூடாது. நைட் ஷிப்ட் பசங்க கிட்ட இந்தத் தப்பு நான் வாரத்துக்கு நாலு தடவ பாக்கறேன், ஊசி குத்தறவங்களும் காலைல வந்தாலே வெறும் வயிறுன்னு நெனச்சுக்கறாங்க, கடைசியா எப்ப சாப்ட்டீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கறதில்ல. அதனால அந்த நம்பர தூக்கி ஓரமா வெச்சிரு. ஆனா எச்பிஏ1சி 6.0 அப்படி இல்ல, அது மூணு மாச சராசரி, நீ எப்ப சாப்ட்டங்கறது அதுல பெருசா ஒட்டாது. 5.7லருந்து 6.4 வரைக்கும் ப்ரீடயாபடிஸ், 6.5 தொட்டா சுகர். ஒரு நல்ல தூக்கம் தூங்கி எந்திரிச்ச நாள்ல, வெறும் வயித்துல ஒண்ணு, 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணுன்னு ஜிடிடி எடுத்துப் பாரு. ரெண்டு மணி நேரத்துல 140க்கு கீழ இருந்தா நார்மல், 140லருந்து 199 நடுவுல, 200 தொட்டா சுகர்.

இப்ப நீ கேட்ட கேள்விக்கு வரேன், இது எனக்கு ரொம்ப முக்கியமான விசயம், ஏன்னா எங்க லேபுக்கு வர்ற சின்னப் பசங்கள்ல பாதி பேரு உன்ன மாதிரி "எனக்கெல்லாம் வராது, நான் ஒல்லி"ன்னு சொல்லிட்டே கைய நீட்டறவங்க தான்.

எடை மிஷின் மொத்தத்தையும் சேத்து ஒரே நம்பரா சொல்லிரும், எலும்பு எவ்ளோ, சதை எவ்ளோ, கொழுப்பு எவ்ளோ, கொழுப்பு எங்க இருக்குன்னு அதுக்கு சொல்லத் தெரியாது. 2004ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல ஒரு போட்டோ போட்டாங்க, புனே கேஇஎம் ஆஸ்பத்திரி டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் பக்கத்துல பக்கத்துல நிக்கிற மாதிரி. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒரே 22.3. ஆனா உடம்புல கொழுப்பு அளந்து பாத்தா வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2 சதவீதம். இது பொறந்ததுலருந்தே இருக்கற விசயம். புனே பக்கத்து கிராமத்துக் கொழந்தைங்க சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் கொழந்தைங்க 3.5 கிலோ, எடையில அவ்ளோ வித்தியாசம் இருந்தும் முதுகுத் தோலுக்கு அடியில கொழுப்பு மட்டும் நம்ம கொழந்தைங்களுக்கு அவ்ளோவா கொறையல, கொறஞ்சது சதை தான். அதனால தான் நமக்கு பிஎம்ஐ 23லயே அதிக எடைன்னும் 25லயே உடல் பருமன்னும் வெச்சுருக்காங்க, பொதுவா உலகத்துக்கு அது 25, 30.

அப்ப உன் நண்பனுக்கு ஏன் வரலன்னா, கிராமத்துல நெல்லு கொட்டி வைக்கிற குதிர் பாத்திருப்ப இல்ல. ஒவ்வொரு உடம்புக்கும் தோலுக்கு அடியில ஒரு குதிர் இருக்கு. சில பேருக்கு அது பெரிய குதிர், எவ்ளோ கொட்டினாலும் உள்ள வாங்கிக்கும், ஆளு பெருத்துட்டே போவான் ஆனா ரத்தத்துல தெரியாது. சில பேருக்கு சின்னக் குதிர், சீக்கிரமே ரொம்பி வழிஞ்சுரும், வழியறது போய் ஈரல்லயும் கணையத்துலயும் வயித்துக்குள்ள குடலச் சுத்தியும் சேரும். ஈரல்ல கொழுப்பு ஏறினா அது இன்சுலின் சொல்றத கேக்காது, ராத்திரி நாம தூங்கும்போது கூட சர்க்கரைய தயார் பண்ணி ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும். இங்கிலாந்துல நியூகாசில் பல்கலைக்கழகத்துல ராய் டெய்லர்னு ஒரு பேராசிரியர் இதத்தான் ஆளுக்கு ஆள் ஒரு கொழுப்பு எல்லை இருக்குன்னு சொல்றாரு, அந்த எல்லைய தாண்டிட்டா பிஎம்ஐ என்னவா இருந்தாலும் சுகர் வரும்.

அதுக்காக உன் நண்பன் தப்பிச்சுட்டான்னு நெனைக்காத. 24 வயசுல கணையம் இளசு, இன்சுலின ரெண்டு மூணு மடங்கு சுரந்து கூட சர்க்கரைய நார்மல்ல புடிச்சு வெச்சுருக்கலாம், சர்க்கரைய மட்டும் அளந்தா அந்தப் பாடு வெளிய தெரியாது. அவன் கழுத்துப் பின்னாடி, அக்குள்ல கருப்பா தடிப்பா வெல்வெட் மாதிரி தோல் இருக்கான்னு பாரு, அது அழுக்கு இல்ல, தேச்சாலும் போகாது, இன்சுலின் அதிகமா ஓடறதுக்கு அடையாளம்.

நீ பண்ண வேண்டியது, ஒரு டெய்லர் டேப் வாங்கி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, மூச்ச இழுத்துப் புடிக்காம அளந்து இங்க போடு. ஆம்பளைக்கு 90 செமீ, பொம்பளைக்கு 80 செமீ, அதுக்குள்ள இருக்கணும்.

மதுர மச்சான் சொன்னது 101 கிலோ ஆளுக்கு சரி. 63 கிலோ பையன பத்து கிலோ கொறைன்னா 53ல பிஎம்ஐ 18.3, சதையும் சேந்து போயிரும், அது இன்னும் மோசம்.

---

மதுர_மச்சான்:

ஆமாண்ணே நான் அவன் உயரத்த பாக்காம பொத்தாம்பொதுவா சொல்லிட்டேன். தம்பி பத்து கிலோ பேச்ச விட்டுரு. நான் கூட டாக்டர் பாத்து மாத்திரைய படிப்படியா கொறச்சுத்தான் விட்டேன், நானா நிறுத்தல, அதையும் சொல்லிர்றேன்.

---

செவ்வந்தி:

தம்பி உங்க ஹீமோகுளோபின் எவ்ளோ? இத யாருமே கேக்க மாட்டாங்க அதான் நான் கேக்கறேன்.

எனக்கு 26 வயசுல எச்பிஏ1சி 6.3ன்னு வந்து வீடே கலங்கிப் போச்சு. கல்யாணப் பேச்சு நடந்துட்டு இருந்த நேரம், எங்கம்மா சக்கரை டப்பாவ பூட்டி வெச்சாங்க, நான் ரெண்டு மாசம் சாப்பாட்ட பாதியா கொறச்சு தலை சுத்தி விழாத குறை. அப்புறம் வேற ஒரு டாக்டரம்மா கிட்ட போனா மொதல்ல கண்ணு இமைய கீழ இழுத்துப் பாத்தாங்க, ரத்தம் எடுத்தா ஹீமோகுளோபின் 8.4. இரும்புச்சத்து கொறஞ்ச ரத்தசோகைல எச்பிஏ1சி உண்மைய விட கூடக் காட்டும்னு அன்னிக்குத் தான் எனக்குத் தெரியும். மூணு மாசம் இரும்பு மாத்திர சாப்ட்டு, ஜிடிடியும் எடுத்து, எல்லாம் நார்மல், எச்பிஏ1சி 5.5. நான் ரெண்டு மாசம் பட்டினி கெடந்தது தான் மிச்சம், இருந்த ரத்தமும் கொறஞ்சது.

வயசுப் பொண்ணுங்களுக்கு இது ரொம்ப சாதாரணம், அதனால இந்த திரிய படிக்கற தங்கச்சிங்க யாரா இருந்தாலும் எச்பிஏ1சி பாக்கும்போது ஹீமோகுளோபினும் சேத்துப் பாருங்க. பீரியட்ஸ் தள்ளித் தள்ளிப் போகுது, முகத்துல முடி வருது, பிசிஓஎஸ்னு (சினைப்பை நீர்க்கட்டி) சொல்லிருக்காங்கன்னா ஒல்லியா இருந்தாலும் சுகர் டெஸ்ட் பண்ணிக்கோங்க, அதுல ஒல்லியா இருக்கறவங்களுக்கும் இன்சுலின் ஒழுங்கா வேலை செய்யாம இருக்கலாம்.

---

வேலூர்_வெயில்:

எல்லாரும் நல்லா சொல்லிருக்கீங்க, ஆனா ஒரு முக்கியமான கேள்வி விட்டுப் போச்சு. தம்பி, கடந்த ஆறு மாசத்துல உங்க எடை தானா கொறஞ்சுதா? தாகம் அதிகமா இருக்கா, ராத்திரி நாலஞ்சு தடவ ஒண்ணுக்குப் போறீங்களா?

ஏன் கேக்கறேன்னா என் தம்பிக்கு 21 வயசுல நடந்தது. காலேஜ் கடைசி வருசம், 72 கிலோ இருந்தவன் ரெண்டே மாசத்துல 63 ஆனான். வீட்ல அத்தன பேரும், நான் உட்பட, டேய் நல்லா ட்ரிம் ஆயிட்டியேன்னு சந்தோசப்பட்டோம். ஃப்ரிட்ஜ்ல ரெண்டு லிட்டர் பாட்டில் வெச்சா அரை மணி நேரத்துல காலி பண்ணுவான், வெயில் காலம் அதான்னு விட்டுட்டோம். ஒரு நாள் காலைல வாந்தி, வயித்து வலி, மூச்சு இரைக்க ஆரம்பிச்சுருச்சு, தூக்கிட்டுப் போனா சுகர் 412, கீட்டோன்ங்கற அமிலம் ரத்தத்துல ஏறி ஐசியுல மூணு நாள். டைப் 1, அதாவது உடம்புல இன்சுலினே சுரக்காத வகை. இன்னிக்கு வரைக்கும் இன்சுலின் போட்டுக்கறான், வேலைக்குப் போறான், நல்லா இருக்கான், ஆனா அந்த ரெண்டு மாசத்துல நாங்க யாராவது ஒருத்தர் முப்பது ரூபா ஸ்ட்ரிப் ஒண்ணு வெச்சுப் பாத்திருந்தா ஐசியு வரைக்கும் போயிருக்காது. அது இன்னும் எனக்கு ஆறல.

அதனால எடை கூடினா சுகர் வருங்கறது ஒரு பக்கம், சுகர் ஏறினதால எடை கொறையறது இன்னொரு பக்கம், ரெண்டையும் கொழப்பிக்கக் கூடாது. சின்ன வயசுல, ஒல்லியா இருக்கற ஆளுக்கு சுகர் வந்தா எல்லாமே டைப் 2 கெடையாது. டைப் 1 இருக்கு, குடும்பத்துல தலைமுறை தலைமுறையா இள வயசுலயே வர்ற மோடி (MODY) வகை இருக்கு. சின்ன வயசுல சத்துக் கொறைவா வளந்து உடம்பு ரொம்ப மெலிஞ்சு இருக்கறவங்களுக்கு வர்ற சுகருக்கு 2025 ஏப்ரல்ல பாங்காக் மாநாட்டுல சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு டைப் 5னு பேரு குடுத்தாங்க, அதுக்கு அடிப்படையா இருந்த ஆராய்ச்சில எங்க ஊரு சிஎம்சி ஆஸ்பத்திரிக்கும் பெரிய பங்கு உண்டு. அவங்களுக்கு இன்சுலின் சுரக்கறதே கம்மி, அவங்கள போய் எடைய கொறை, சோத்த கொறைன்னா என்ன ஆகறது? எந்த வகைன்னு கண்டுபிடிக்க ஜிஏடி ஆன்டிபாடி, சி பெப்டைடுன்னு டெஸ்ட் இருக்கு, தேவையா இல்லையான்னு டாக்டர் சொல்லுவாரு. எடை தானா கொறஞ்சிருந்தா மட்டும் நாளைக்குன்னு தள்ளாதீங்க, இன்னிக்கே போங்க.

---

நொய்யல்கரை:

அண்ணா, அக்கா எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. எடை கொறையலங்க, பாக்கப்போனா காலேஜ் முடிக்கறப்ப 57 இருந்தேன், வேலைக்கு வந்து ரெண்டு வருசத்துல 6 கிலோ ஏறிருக்கு, அத நானே நல்லதுன்னு நெனச்சு சந்தோசப்பட்டுட்டு இருந்தேன். தாகமெல்லாம் இல்லைங்க. ஹீமோகுளோபின் 14.6. டேப் வெச்சு அளந்தேன், 91 செமீ. மூணு தடவ அளந்தேன் அதே தான் வருது. கையும் காலும் குச்சி மாதிரி இருக்கு வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கு, சட்டைய வெளிய விட்டுப் போடறதால யாருக்கும் தெரியாது. நண்பனுக்கும் பாத்தேன், கழுத்துல கருப்பு இருக்குங்க. அவன் இத்தன நாளா வெயில்ல கருத்துப் போச்சுன்னு நெனச்சு க்ரீம் தடவிட்டு இருக்கான்.

---

லேப்காரன்_திருச்சி:

அந்த 6 கிலோவும் எங்க போய் உக்காந்துருக்குன்னு டேப்பே சொல்லிருச்சு பாத்தியா. ரெண்டு வருசத்துல நீ சதை எதுவும் போடல, தொப்பை தான் போட்டுருக்க. எத்தன கிலோங்கறத விட, 20 வயசுல இருந்த எடைக்கு மேல எவ்ளோ ஏறிருக்கு, எங்க ஏறிருக்குங்கறது உன் மாதிரி ஆளுங்களுக்கு முக்கியம்.

சென்னைல டாக்டர் மோகன் அவங்க ஆராய்ச்சி நிறுவனம் போட்ட ரிஸ்க் ஸ்கோர் ஒண்ணு இருக்கு, ரத்தமே வேண்டாம். 35 வயசுக்குள்ளன்னா 0. இடுப்பு ஆம்பளைக்கு 90லருந்து 99ன்னா 10. உடற்பயிற்சி இல்ல, வேலையும் உக்காந்தே பாக்கறதுன்னா 30. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சுகர்னா 20. மொத்தம் 60. 60 தொட்டாலே அதிக ஆபத்துன்னு அர்த்தம். 24 வயசுல, பிஎம்ஐ நார்மல்ல வெச்சுக்கிட்டு நீ 60 வாங்கிட்ட. அதே நேரத்துல அமெரிக்க நீரிழிவு சங்கத்தோட கணக்குப்படி நமக்கு பிஎம்ஐ 23 தாண்டி கூட வேற ஆபத்தும் இருந்தா தான் 35 வயசுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணச் சொல்வாங்க, அந்த சல்லடைல நீ சிக்கவே மாட்ட. எடைய மட்டும் பாத்து ஆள புடிச்சா இந்த மாதிரி பசங்க எல்லாம் கண்ணுல படாமலே போயிர்றாங்க, எனக்கு இருக்கற பெரிய ஆதங்கமே அது தான். 2023ல வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வுல நாட்டுல 10.1 கோடி பேருக்கு சுகர், 13.6 கோடி பேரு ப்ரீடயாபடிஸ்னு சொன்னாங்க, அந்த 13.6 கோடில எத்தன பேருக்கு தனக்கு இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்.

அந்த 60ல உன்னால மாத்த முடியறது இடுப்புல 10, உக்காந்து கெடக்கறதுல 30. அப்பா அம்மாவ மாத்த முடியாது. ஜிடிடி எடுத்துட்டு நல்ல டாக்டர் ஒருத்தரப் பாரு, சும்மா இங்கயே உக்காந்துராத.

---

நொய்யல்கரை (மூணு வாரம் கழிச்சு):

தாமதத்துக்கு மன்னிச்சுக்கோங்க. லீவு போட்டு ஊருக்கு வந்து மூணு நாள் ராத்திரி ஒழுங்கா தூங்கிட்டு ஜிடிடி எடுத்தேன். வெறும் வயித்துல 103, ரெண்டு மணி நேரம் கழிச்சு 168. ட்ரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்பு 212, நல்ல கொழுப்பு எச்டிஎல் 34. ஸ்கேன்ல ஈரல்ல கொழுப்பு, கிரேடு 1. டாக்டர் அரை மணி நேரம் பேசினாருங்க, லேப் அண்ணன் குதிர்னு சொன்னத தான் அவரும் வேற மாதிரி சொன்னாரு. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், மூணு மாசம் கழிச்சு வா, மிஷின்ல எடை 60க்கு வந்தாலும் சரி 63லயே நின்னாலும் சரி, இடுப்பு 86க்கு வரணும்னாரு. ஷிப்ட் மாத்தச் சொல்லி லெட்டர் குடுத்திருக்காரு, ஹெச்ஆர் கிட்ட குடுத்துருக்கேன், அடுத்த மாசம் பாக்கலாம்னு சொல்லிருக்காங்க.

எடை கொறையலன்னா பலன் இருக்குமான்னு தான் எனக்கு இன்னும் சந்தேகம். சாப்பாட்டுக்கும் என்ன பண்றதுன்னு தெரியல, மெஸ்ல குடுக்கறது தான், சமைக்க வசதி இல்ல.

---

லேப்காரன்_திருச்சி:

இருக்கும். இதுக்கு நம்ம சென்னைலயே ஆதாரம் இருக்கு. டாக்டர் ராமச்சந்திரன் தலைமைல 531 பேர வெச்சு மூணு வருசம் பாத்து 2006ல முடிவு போட்டாங்க, எல்லாரும் உன்ன மாதிரியே ரெண்டு மணி நேர அளவு 140க்கு மேல இருந்தவங்க. ஒண்ணுமே பண்ணாம விட்டவங்கள்ல 55 சதவீதம் பேருக்கு மூணு வருசத்துல சுகர் வந்துருச்சு. நடை, சாப்பாட்டு மாத்தம் பண்ணவங்களுக்கு அந்த ஆபத்து 28.5 சதவீதம் கொறஞ்சுது, அவங்களுக்கு எடை ஒண்ணும் சொல்லிக்கற மாதிரி கொறையல. அவங்க உன்ன விட மூத்தவங்க, சராசரி வயசு நாப்பத்தஞ்சுக்கு மேல, அதனால அப்படியே உனக்குப் பொருத்திப் பாக்க முடியாது, ஆனா மிஷின்ல நம்பர் நகரலன்னா எல்லாம் வீண்னு நெனைக்காதன்னு சொல்றதுக்கு இது போதும். 2002ல அமெரிக்காவுல இதே மாதிரி பண்ணப்ப 7 சதவீதம் எடை கொறைக்கறது, வாரம் 150 நிமிசம் நடக்கறதுன்னு இலக்கு வெச்சு 58 சதவீதம் ஆபத்து கொறஞ்சுது, ஆனா அங்க இருந்தவங்க சராசரி பிஎம்ஐ 34. உன் நண்பனுக்கு தான் அந்தக் கணக்கு. அவன் 94லருந்து ஏழெட்டு கிலோ கொறச்சாலே பெரிய விசயம்.

மதுர மச்சானுக்கு நடந்ததுக்கும் ஆதாரம் இருக்கு. 2017ல பிரிட்டன்ல டைரக்ட்னு ஒரு ஆய்வுல, சுகர் வந்து ஆறு வருசத்துக்குள்ள இருக்கறவங்கள எடை கொறைக்க வெச்சப்ப 46 சதவீதம் பேருக்கு ஒரு வருசத்துல மாத்திரை இல்லாமலே சுகர் அளவு கீழ வந்துச்சு, 15 கிலோவும் அதுக்கு மேலயும் கொறச்சவங்கள்ல 86 சதவீதம். அவரு 17 கிலோ கொறச்சாரு.

உனக்கு சதை தான் வேணும். சாப்ட்ட சர்க்கரைல பெரும்பங்கு போய் சேர்ற எடமே சதை தான், கை கால் குச்சியா இருந்தா போறதுக்கு எடம் ஏது. ஜிம்முக்கு காசு கட்ட வேண்டாம், தண்டால் பஸ்கி நம்ம ஊரு சமாச்சாரம் தான, ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடு.

---

மதுர_மச்சான்:

மெஸ் சாப்பாட்டுக்கு நான் சொல்றேன், நானும் நாலு வருசம் மேன்சன்ல கெடந்தவன். சோத்த விடச் சொல்லல இந்த தடவ. வழக்கமா மூணு கரண்டி வாங்குவன்னா ஒண்ணரை வாங்கு, மெஸ்காரர் கிட்ட சொல்லி பொரியல் ரெண்டு தடவ வாங்கு, காசு கூட குடுக்கறேன்னா கண்டிப்பா வெப்பாரு. ரெண்டு அவிச்ச முட்டை எந்த கடைலயும் கெடைக்கும், சாயந்தரம் பஜ்ஜிக்கு பதிலா சுண்டல். மொதல்ல பொரியலும் முட்டையும் சாப்ட்டுட்டு கடைசில சோத்துக்குப் போ, சுகர் ஏர்றதுல வித்தியாசம் மீட்டர்லயே தெரியும், நான் குத்திக் குத்திப் பாத்துருக்கேன். டீ தான் பெரிய வில்லன், ஷிப்ட்ல அஞ்சு டீ குடிச்சா ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன்னா பத்து ஸ்பூன் சக்கரை அது.

அப்புறம் ராகி மால்ட், சத்துமாவுக் கஞ்சின்னு சொல்லி தருவாங்க, ஒல்லியா இருக்கறன்னு வீட்லயும் அத தான் ஊத்துவாங்க. அரைச்ச மாவ கஞ்சியா காச்சிக் குடிச்சா சும்மா சர்ருன்னு ஏறும், எனக்கு ராகிக் கூழுக்கு 190 வந்துச்சு. சிறுதானியம்னாலே எவ்ளோ வேணா குடிக்கலாம்னு இல்ல.

---

செவ்வந்தி:

ஐசிஎம்ஆர்காரங்களே 2025ல சொல்லிருக்காங்க நம்மாளுங்க சாப்பாட்டுல 62 சதவீதம் கலோரி மாவுச்சத்துலருந்து வருதுன்னு, அரிசிக்கு பதிலா கோதுமைன்னு மாத்தினாலும் அதே மாவுச்சத்தத் தான் வேற பேருல சாப்பிடறோம். பருப்பு, முட்டை, தயிர், மீன் அந்தப் பக்கம் கூட்டுங்க தம்பி. சாப்ட்டதும் படுக்கைக்குப் போகாம ஒரு பதினஞ்சு நிமிசம் நடங்க, மொட்டை மாடியே போதும். தூக்கத்த மட்டும் விட்டுராதீங்க, நாலஞ்சு மணி நேரம் தூங்கினா இன்சுலின் அடுத்த நாளே மந்தமாயிரும்.

உங்களுக்கு கூடப் பொறந்தவங்க இருக்காங்களா? அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் இருக்கறதால அவங்களுக்கும் ஒரு தடவ பாத்துருங்க.

---

நொய்யல்கரை:

ஒரு தங்கச்சி இருக்காங்க்கா, 20 வயசு, காலேஜ் படிக்கறா, 51 கிலோ. நீங்க கேட்டதும் நேத்து டேப்ப எடுத்து அவளுக்கும் அளந்தேன், 84 வந்துச்சு. அம்மா மொதல்ல திட்டுனாங்க, ஒல்லியா இருக்கற புள்ளைக்கு எதுக்குடா இதெல்லாம்னு. அப்பா தான் ஒண்ணும் பேசாம கேட்டுட்டு இருந்துட்டு, கூட்டிட்டுப் போன்னாரு. ஞாயித்துக்கிழமை காலைல கரூர்ல லேபுக்கு போறோங்க, ஹீமோகுளோபினும் சேத்து எழுதிக் குடுக்கச் சொல்லிருக்கேன். அதுவரைக்கும் ராத்திரி எட்டு மணிக்கு மேல அவளுக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாம்னு அம்மா கிட்ட சொல்லி வெச்சேன், சனிக்கிழமை மட்டும் போதும்டான்னு அப்பா திருத்துனாரு. ரிசல்ட் வந்ததும் இங்க போடறேன். ரூம்ல நண்பனுக்கும் இதே திரிய அனுப்பிருக்கேன், அவன் க்ரீம் தடவறத நிறுத்திட்டான்.